கட்டடக் கலையும் கலைக்கழகத் தெரிவும்

கற்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவார், அவர் எந்தப் பல்கலைக் கழகத்திற் பயின்றார் என்பதைத் தவறாது குறிப்பர். எதன்பொருட்டு அதனை நாடிச் சென்றார் என்பதை எழுதுவார் மிகச் சிலரே. முன்னது அவர் பெற்ற பட்டத்தைத் தெரிவிக்கும். பின்னது அவரையே தெரிவிக்கும். கட்டடக் கலையிலே முதுமாணிப் பட்டம் பெற விழையும் நம் இளைஞர் பல்கலைக் கழகத்தைத் தெரிவுசெய்யும் முறையை இப்பின்னைய வினாவைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அம்முறை திருந்த வேண்டும் என்பது எம் துணிபு. அதற்கேற்ற எடுத்துக்காட்டொன்று, துறையால் வேறாயினும், தீவகத்துக் கரம்பொன்னிலேயே உண்டு.

தனிநாயகம் அடிகள் 1913ஆம் ஆண்டு கரம்பொன்னிற் பிறந்தவர். உரோமாபுரியிலே சமயக் கல்வி பயின்று கலாநிதிப் பட்டத்துடன் மீண்டவர். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வல்லவர். அத்தகையார் மீண்டும் மாணவராக விரும்பின், மேலைநாட்டுப் பெருங்கழகம் ஒன்றையே நாடுவர் என எவரும் எதிர்பார்ப்பர். அவரோ முப்பது வயது கடந்த நிலையில், 1945 இல், சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் தமிழ் பயிலச் சேர்ந்தார். பிறமொழி இலக்கியங்களை நன்கறிந்த தமக்குத் தாய்மொழியின் தொல்லிலக்கியத்தில் முறையான பயிற்சி இல்லை என்ற குறையை அவர் உணர்ந்திருந்தார். அக்குறையை நிறைக்க வல்ல இடம் எது என நோக்கினார், அவ்விடத்தை அடைந்தார். அங்குச் செய்த ஆராய்ச்சியின் பயனாகப் பண்டைத் தமிழ்ச் செய்யுளில் இயற்கை பெறும் இடம் பற்றிய அவரது ஆங்கில நூல் 1953 இல் வெளிவந்தது. பின்னர் இலங்கைப் பல்கலைக் கழகத்திலே கல்வித்துறை விரிவுரையாளராயிருந்த காலத்தில், பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனையை ஆராய வேண்டி இலண்டன் பல்கலைக் கழகத்தை நாடினார். உரோமாபுரி, சிதம்பரம், இலண்டன் என்ற மூன்றும் புகழால் ஒரு நிறையின அல்ல. ஆயினும் மூன்றும் அவருக்குப் பொருத்தமான தெரிவுகளே. ஒவ்வொன்றும் அவ்வக்காலத்து அவரது தேவைக்கு விடையாயமைந்தது.

இதிலிருந்து நாம் பெறும் நெறி எளியது. பல்கலைக் கழகத்தின் புகழை முதலில் வைத்து நமது தேவையைப் பின்னர் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுதல் தலைகீழான முறையாகும். கற்பவன் தன் குறையை முதலில் அறிதல் வேண்டும். அக்குறையே கழகத்தைத் தெரிவுசெய்தல் வேண்டும்.

இந்நெறி நம்மிடையே எவ்வளவு அருகியுள்ளது என்பதை அண்மையில் நேரிற் கண்டோம். கட்டடக் கலையில் முதற் பட்டம் பெற்ற கரம்பொன் இளைஞர் ஒருவர், மேற்படிப்புக்கென எழுதிய நோக்கவுரையை எம்மிடம் காட்டித் திருத்தித் தருமாறு வேண்டினார். ஏழு பல்கலைக் கழகங்களுக்கு விண்ணப்பம் ஆயத்தமாயிருந்தது. ஏழுக்கும் உரை ஒன்றே. கழகத்தின் பெயர் மட்டும் மாறியிருந்தது. ஏன் இவ்வேழு என வினவினோம். உலகத் தரவரிசைப் பட்டியலில் முன்னிற்பன நான்கு என்றார். மாமனார் குடும்பம் வாழும் நகரில் உள்ளது ஒன்று என்றார். ஏனைய இரண்டையும் நண்பர் கூறினர் என்றார். எதைக் கற்பதற்கு என வினவியபொழுது சிறிது நேரம் வாளாவிருந்தார். அவர் மேற் குறை கூறுதற்கில்லை. அவ்வினாவைப் பெற்றாரோ ஆசிரியரோ அவரிடம் முன்னர்க் கேட்டிலர், யாமும் கேட்டிலேம்.

முதற்கண் தரவரிசையை எடுத்துக்கொள்வோம். இத்தகைய பட்டியல்கள் பெரும்பாலும் எவற்றை அளக்கின்றன? கல்வியுலகினர் அக்கழகத்தின்மேற் கொண்ட மதிப்பு, தொழில் கொடுப்போர் கொண்ட மதிப்பு, ஆங்குள்ளோர் எழுதிய கட்டுரைகள் பிறரால் எத்துணை எடுத்தாளப்படுகின்றன என்ற கணக்கு ஆகியனவே அவை. பௌதிகத்துக்கும் மருத்துவத்துக்கும் இவ்வளவுகோல் ஓரளவு பொருந்தக்கூடும். கட்டடக் கலையோ வரைமேசையிலும் பட்டறையிலும் கட்டுமிடத்திலும் கற்கப்படும் கலை. ஓர் ஆசிரியர் எத்தனை மாணவரின் வரைபடத்தை அருகிருந்து பார்க்கிறார், அவ்வாசிரியர் தாமே கட்டடம் எழுப்பியவரா, மாணவர் கல்லையும் மரத்தையும் கையால் தொட்டு அறிய இடமுண்டா என்பன போன்ற செய்திகள் அப்பட்டியல்களில் இல்லை. கழகம் பெரியது என்பதைப் பட்டியல் கூறலாம். அது தனக்கு ஆசிரியனாகுமா என்பதை மாணவனே ஆராய்ந்தறிதல் வேண்டும்.

இரண்டாவதாக, பட்டத்தின் பெயர் நம்மை மயக்குகின்றது. கட்டடக்கலை முதுமாணி என்ற ஒரே பெயர் நாட்டுக்கு நாடு வெவ்வேறு பொருள் தருவது. இந்தியாவிலே ஐந்தாண்டு முதற் பட்டமே 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கட்டடக் கலைஞராகப் பதிவு பெறுதற்குப் போதுமானது. அதன்மேல் ஈராண்டு பயிலும் முதுமாணிக் கல்வி, நகரமைப்பு, நிலவனப்பு, பழங்கட்டடப் பாதுகாப்பு முதலிய தனித்துறைப் பயிற்சியாகும். பிரித்தானியாவிலோ தொழிற்றகுதி மூன்று படிகளையுடையது. ஈராண்டு முதுமாணிக் கல்வி பெரும்பாலும் இரண்டாம் படியாக அமைவது. அந்நாட்டிலேயே ஓராண்டில் முடியும் முதுமாணிப் பட்டங்களும் பல உள. அவை அறிவை வளர்க்குமேயன்றித் தொழிற்றகுதியைத் தாமாகத் தரமாட்டா. அமெரிக்காவில் வேறு துறையிற் பட்டம் பெற்றோரும் மூன்றாண்டோ சற்று மேலோ பயின்று, கட்டடக் கலைஞராதற்குரிய முதுமாணிப் பட்டத்தைப் பெறலாம். அவுத்திரேலியாவில் மூன்றாண்டு முதற் பட்டத்தின்மேல் ஈராண்டு பயிலும் முதுமாணியே தொழிலுக்குரிய பட்டமாகின்றது. இவ்வேறுபாடுகளை அறியாது விண்ணப்பிப்போர், கற்றதையே மீண்டும் கற்கவும் கூடும். பெருஞ்செலவு செய்து பெற்ற பட்டம் தாம் வாழும் நாட்டிற் பதிவுக்கு உதவாமை கண்டு வருந்தவும் கூடும். ஆதலின் பட்டம் எந்நாட்டில், எந்தத் தொழிற்கழகத்தால் ஏற்கப்படும் என்பதை எழுத்து மூலம் அறிந்த பின்னரே பணம் கட்டுதல் அறிவுடைமை.

இனி, குறையறிந்து சென்றோர் கட்டடக் கலையுலகிலும் உளரா என நோக்குவோம். நமது நாட்டிலேயே இருவர் உளர்.

ஜெவ்ரி பாவா கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியமும் பின் இலண்டனிற் சட்டமும் பயின்றவர். 1948 இல் பெந்தோட்டைக்கு அணித்தாயுள்ள லுணுகங்கை என்னும் தோட்டத்தை வாங்கி, அதனைத் தம் கருத்துக்கேற்பத் திருத்தத் தொடங்கினார். மனத்திற் கண்டதைக் கட்டிமுடிக்கும் தொழிலறிவு தமக்கில்லை என்பதை அத்தோட்டமே அவருக்கு உணர்த்திற்று. கொழும்பிலே கட்டடக் கலைஞர் ஒருவரிடம் சிறிது காலம் தொழில் பழகிப் பின் இலண்டன் கட்டடக்கலைச் சங்கப் பள்ளியிற் சேர்ந்து, 1957 இல், 38ஆம் வயதில், தகுதி பெற்றார். அவர் ஆங்குக் கற்றது மேலைநாட்டு நவீன நெறி. மீண்டு வந்து 1960 முதல் 1962 வரையில் கொழும்பில் எனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடோ, நடுமுற்றத்தைச் சூழ்ந்து ஓட்டுக்கூரை தாழ்ந்து நிற்கும் வீடு. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வளர்ந்தோர்க்கு அதன் அமைதி அயலாகத் தோன்றாது. அவர் இலண்டனுக்குத் தோற்றத்தைத் தேடிச் சென்றாரல்லர். தோற்றம் அவருள்ளத்தில் முன்னரே இருந்தது. அதனை நிலைநிறுத்தும் அறிவைத் தேடிச் சென்றார். பாவா செல்வர், நமது மாணவருக்கு அவ்வசதி இல்லை என்பது மெய்யே. செல்வத்தைப் பின்பற்ற இயலாவிடினும் அவர் சென்ற முறையைப் பின்பற்ற எவர்க்கும் தடையில்லை.

கண்டியிற் பிறந்த மினற் டி சில்வா பம்பாயிற் பயின்று, பெங்களூரில் ஒட்டோ கோனிக்ஸ்பேர்கர் என்னும் செருமானியக் கட்டடக் கலைஞரிடம் பணியாற்றி, பின்னர் அதே இலண்டன் பள்ளியை அடைந்தார். 1948 இல் பிரித்தானியக் கட்டடக்கலைஞரின் அரச கழகத்தில் இணையுறுப்பினராகிய முதல் ஆசியப் பெண்மணி அவரே. கண்டியில் 1951 அளவில் அவர் முடித்த கருணாரத்தின வீட்டிலே, கொங்கிறீற்றும் கண்ணாடியும் ஒருபுறமிருக்க, தும்பறை நெசவும் சுடுமண் ஓடும் அரக்கு வேலையும் உடன் இடம்பெற்றன. கண்டிக் கைவினைஞரைத் தம் கட்டடத்துள் அழைத்துவர அவருக்கு இலண்டன் தடையாகவில்லை. போகுமுன்னரே தம் ஊரை நன்கு அறிந்திருந்தமையே அதற்குக் காரணம்.

வங்காளத்து முசருல் இசுலாமின் கல்வி இன்னும் தெளிவான சான்று. பொறியியற் பட்டம் பெற்றவர், கட்டடக்கலை கற்க 1950ஆம் ஆண்டை அடுத்து அமெரிக்காவின் ஒறிகன் பல்கலைக் கழகம் சென்றார். தம் நாட்டு வெப்பமும் மழையும் தனிக் கல்வியை வேண்டுவன என உணர்ந்து, அப்பத்தாண்டின் இறுதிப் பகுதியில் இலண்டனில் வெப்பமண்டலக் கட்டடக்கலை பயின்றார். பின் 1961 இல் யேல் பல்கலைக் கழகத்தில் முதுமாணியானார். ஒவ்வொரு முறையும் டாக்காவுக்கு மீண்டு கட்டினார். கட்டியபொழுது கண்ட குறையுடன் மீண்டும் கற்கச் சென்றார். டாக்காவில் நாடாளுமன்றக் கட்டடப் பணி தம்மை நாடி வந்தபொழுது, அதனைத் தாமே மேற்கொள்ளாது லூயி கான் என்னும் பெருங்கலைஞருக்கு வழிவிடச் செய்தவரும் அவரே. தன் அளவை அறிந்தவனுக்கே பிறர் பெருமையும் விளங்கும்.

இசுலாம் பயின்ற அந்த வெப்பமண்டலத் துறை தோன்றிய வரலாறு மாணவர் அனைவரும் அறியத்தக்கது. இங்கிலாந்திற் கட்டடக்கலை பயின்ற நைஜீரிய மாணவர் ஒருவர், தமக்கு அளிக்கப்படும் கல்வி குளிர்நாட்டுக்கே உரியது, தாம் மீண்டு சென்று கட்டவேண்டிய நாட்டுக்கு உதவாது என முறையிட்டார். அதன் விளைவாக 1953 இல் இலண்டனில் ஒரு மகாநாடு கூடியது. அடுத்த ஆண்டே இலண்டன் கட்டடக்கலைச் சங்கப் பள்ளியில் வெப்பமண்டலக் கட்டடக்கலைத் துறை தொடங்கப் பெற்றது. 1957 முதல் அதற்குத் தலைமை தாங்கியவர், முன்னர் மைசூரிலும் புதுதில்லியிலும் பணியாற்றிய கோனிக்ஸ்பேர்கரே. ஒரு மாணவன் தன் தேவையைத் தெளிவாகக் கூறியமையால், கழகமே அவனுக்கேற்பத் தன் பாடத்தை மாற்றிக்கொண்டது. பாடத்திட்டம் எதுவாயினும் வணங்கி ஏற்கும் நம் மாணவர் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று.

ஆயினும் அத்துறையிலும் ஒரு குறை உண்டு. வெப்பநிலை, காற்றின் வேகம், ஈரப்பதம், நிழலின் கோணம் என்பவற்றால் ஒரு நாட்டை அளக்கும் பொழுது, அந்நாட்டு மக்கள் வீட்டை எவ்வாறு வழங்குகின்றனர் என்பது அளவுக்கு அகப்படாது நழுவிவிடும். நம் ஊர்ச் சங்கடப்படலையை எடுத்துக்கொள்வோம். வாயிலின்மேற் சிறு கூரை. இருமருங்கும் அமரத் திண்ணை. வழிப்போக்கருக்கு நிழலும் தண்ணீரும். அதன் பயனை வெப்பமானியால் அளக்க இயலுமா? அது ஒரு சமுதாயம் அயலாரை நோக்கிய முறையைக் காட்டும் கட்டடம். இத்தகையவற்றை அளக்கும் கருவி மாணவனின் நினைவிலேதான் உண்டு. அந்நினைவை அவன் தன்னுடன் கொண்டு செல்லுதல் வேண்டும்.

நிலத்தையும் ஞாயிற்றையும் நோக்கித் தொடங்கும் முறை நமக்குப் புதிதன்று. பாண்டியன் அரண்மனை வகுத்த சிற்பநூல் வல்லுநர் ஞாயிற்றின் நிழல்கொண்டு திசை குறித்த செய்தி நெடுநல்வாடையிற் காணப்படும். அம்மரபின் தொடர்ச்சியைக் கற்பிக்க 1957 இல் மாமல்லபுரத்தில் அரசினர் பயிற்சி நிலையம் ஒன்று தோன்றிக் கல்லூரியாக வளர்ந்துள்ளது. அதே ஆண்டிற் சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலே தொடங்கிய கட்டடக்கலைத் துறை, இன்று அண்ணா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தது. இவ்விரண்டும் ஒரு நகரத்தின் அயலிலே நிற்பினும் வேறு வேறு உலகங்களாகவே எண்ணப்படுகின்றன. கோயில் கட்டுவோன் ஒருவன், வீடு கட்டுவோன் மற்றொருவன் எனப் பிரிந்து நிற்கும் நிலை கலைக்கு நன்மை தருவதன்று. இப்பிரிவை இணைக்கக் கருதும் மாணவன் இருப்பானாயின், அவனுக்குச் சென்னையே தக்க இடம். உலகப் பட்டியலில் அதன் எண் யாதாயினும் ஆகுக.

கரம்பொன்னும் அயற்றீவுகளும் இன்று கட்டடக் கலைஞனிடம் வேண்டுவன யாவை? இத்தீவுகள் சுண்ணாம்புப் பாறையின்மேல் அமைந்தவை. மழைநீர் அப்பாறையில் இறங்கி உவர்நீரின்மேல் மெல்லிய படையாக நிற்பது. அளவுக்கு மீறி இறைப்பின் உவர் மேலெழும். ஆதலின் இங்கு வீட்டுக் கூரை என்பது நீரை ஏந்தும் ஏனமுமாகும். சோளகமும் வாடையும் எத்திசையினின்று எக்காலத்து வீசுமென அறிந்து நம் முன்னோர் வாயிலும் முற்றமும் வகுத்தனர். சுண்ணாம்புக் கல்லும் பனஞ்சிலாகையும் ஊரிலேயே கிடைத்தன. நெடுந்தீவிலோ பவளக் கற்களைச் சாந்தின்றி அடுக்கி வேலியே எழுப்பினர். 1990ஆம் ஆண்டையடுத்துத் தீவகத்தார் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தமையால் வீடுகள் பல கூரையிழந்து, முற்றத்தில் மரம் முளைத்துச் சிதைந்தன. மீண்டு வந்தோர் பலர் சீமந்துக் கல்லும் தகரமும் கொண்டு விரைந்து வீடமைத்தனர்; அது தேவையின் கட்டாயம். வெளிநாட்டுப் பணத்தால் எழும் புதிய மாடிவீடுகளோ நண்பகலில் உள்ளிருத்தற்கியலாத வெப்பத்தன. பழைய வீட்டை அழியாது திருத்துதல், புதிய வீட்டைக் குறைந்த செலவிற் குளிர்ச்சியாக அமைத்தல், கூரைநீரைக் கிணற்றுக்கு மீட்டல் என்ற மூன்றும் முதுமாணி ஆய்வுக்குரிய பொருள்களே. எக்கழகம் இவ்வாய்வுக்கு இடமும் ஆசிரியரும் தரும் என்ற வினாவுடன் புறப்படுபவன் வழிதவறான்.

தன் ஊரைப் பற்றியே கற்பதாயின் ஊரைவிட்டு ஏன் போதல் வேண்டும் என ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. இலங்கையிற் கட்டடக்கலைக் கல்வி 1961 இல் கட்டுபெத்தையில் தொடங்கி, இன்று மொறட்டுவைப் பல்கலைக் கழகத்தில் வளர்ந்து நிற்கின்றது. தீவகத்தின் மண்ணையும் சட்டத்தையும் தொழிலையும் அறிதற்கு அஃது அணித்தான இடம். ஆயினும் அயலிடம் சென்றோர்க்கு ஒரு நன்மையுண்டு. தன் வீட்டு முற்றத்தை ஆயிரம் முறை கடந்தவன், வேற்றுநாட்டில் முற்றமில்லா வீட்டிலே ஓராண்டு வாழ்ந்த பின்னரே அதனைக் கட்டடமாகக் காணக் கற்கிறான். அன்றியும், பழங்கட்டடப் பாதுகாப்பு, மண்கட்டுமானம் முதலிய துறைகளில் ஆழ்ந்த பயிற்சி எல்லாவிடத்தும் கிடைப்பதில்லை. 1962 இல் பாலகிருஷ்ண தோசி அகமதாபாத்தில் நிறுவிய பள்ளி போன்றவை, நம்முடையதையொத்த வெயிலிலும் பொருள்நிலையிலும் நின்று சிந்திக்கப் பழக்குவன. அவற்றை மேலைநாட்டுப் பெயர்களுக்குக் கீழாகவே வைத்து எண்ணும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவ்வழக்கத்திற்கு ஆராய்ச்சி அடிப்படை எதுவும் இல்லை.

இனிப் பொருட்செலவு பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். காணியை ஈடுவைத்தும் தமக்கையின் நகையை விற்றும் பிள்ளையை அனுப்பும் குடும்பங்களை நாம் அறிவோம். பெருங்கடன்பட்டுக் கற்றவன், கற்றதைத் தன் ஊரிற் பயன்படுத்தக் கருதினும் கடன் அவனை விடாது. அதிக ஊதியம் தரும் நகரத்திலே, பிறர் வரைந்த மாடிக் கட்டடங்களுக்குக் கதவும் சாளரமும் குறித்துக்கொண்டு பல்லாண்டு கழிப்பான். ஆகவே, கட்டணம் எவ்வளவு என்ற கேள்வி, எங்கு வாழ்வேன், யாருக்குக் கட்டுவேன் என்ற கேள்வியாகவே முடிகின்றது. புலமைப் பரிசில் தரும் சிறிய கழகம், கடன் சுமத்தும் பெரிய கழகத்தினும் ஒருவனுக்கு அதிக உரிமையைத் தரக்கூடும். வெளிநாட்டிலேயே வாழ விரும்புவோரை நாம் இகழவில்லை. அவர்க்கும் இக்கணக்கு வேண்டும் என்பதே எம் கருத்து. அந்நாட்டுப் பதிவுக்கு உதவாத பட்டத்தால் அவரும் துன்புறுவர்.

தேவையை முதலில் வகுத்துப் பின் உருவத்தை நாடிய முறைக்கு யாழ்ப்பாணப் பொதுநூலகம் தக்க சான்று. அதனைக் கட்ட முனைந்தோர், முதலில் நூலகவியல் அறிஞர் அரங்கநாதனின் ஆலோசனையை நாடினர். நூலகம் என்ன செய்தல் வேண்டும் என்பதை அறிந்துகொண்டனர். பின்னரே சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடம் உருப்பெற்றது. 1954 இல் அடிக்கல் நாட்டப் பெற்று 1959 இல் திறக்கப்பட்ட அக்கட்டடம், 1981 இல் எரியூட்டப் பெற்ற பின்னரும் மக்கள் மனத்தில் வீழாது நின்று, மீண்டும் அவ்வுருவிலேயே எழுந்தது. ஒரு கட்டடத்திற்கு நாம் காட்டிய இத்துணைக் கவனத்தை, கட்டடம் கட்டப்போகும் பிள்ளையின் கல்விக்குக் காட்டாதிருத்தல் முறையாகுமா?

எம்மிடம் வந்த இளைஞர் சில கிழமைகளின் பின் மீண்டும் வந்தார். இம்முறை உரை ஒரு பக்கத்துள் அடங்கியிருந்தது. பாட்டனார் கரம்பொன்னிற் கட்டிய நாற்சார் வீட்டைத் தாம் அளந்து வரைந்ததையும், அதன் தென்புறச் சுவர் வெடித்த காரணத்தைத் தம்மால் விளக்க இயலாமையையும் எழுதியிருந்தார். சுண்ணாம்புச் சுவரைச் சீமந்து பூசாது காக்கும் முறையைக் கற்பதே தம் விருப்பம் என்றும் குறித்திருந்தார். ஏழு கழகங்கள் மூன்றாயின. அம்மூன்றில் ஒன்றே முன்னைய பட்டியலில் இருந்தது. எதில் இடம் கிடைக்கும் என்பதை யாம் அறியோம். ஆயினும் எதற்காகப் போகிறோம் என்பதை அவர் அறிந்துவிட்டார். நம் மாணவர் ஒவ்வொருவரும் விண்ணப்பத்தை நிரப்புமுன் தம் ஊரில் ஒரு வீட்டையேனும் அளந்து வரைந்து பார்ப்பாராக. வரைய இயலாத இடம் எதுவோ, அதுவே அவர் கற்கவேண்டிய பாடம்.